அச்சுக்குப் போகுமுன் இரண்டு பக்கங்களை நிறுத்துங்கள்: விழா மலர்க் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மலர்க் குழுத் தலைவர் ஐயா அவர்களுக்கும், செயலாளர் தம்பிக்கும், முதல் பக்கத்தில் பெயர் அச்சாகியிருக்கும் மற்றப் பெரியோர்களுக்கும் வணக்கம்.

பிழை பார்த்துத் தரும்படி நீங்கள் கொடுத்தனுப்பிய ஆடி விழா மலரின் அச்சுப்படி மூன்று நாட்களாக என் மேஜைமேல் கிடக்கிறது. ஒற்றுப் பிழைகளைத் திருத்திவிட்டேன். ஜவுளிக்கடை விளம்பரத்தில் கடைக்காரருடைய தாத்தாவின் படம் தலைகீழாக இருந்தது, அதையும் குறித்திருக்கிறேன். ஆனால் 3ஆம் பக்கத்தையும் 11ஆம் பக்கத்தையும் சிவப்பு மையால் திருத்த வழியில்லை. இரண்டும் அடியோடு தவறு. இதைச் சொல்லப் போனபோது, "ஒற்று மட்டும் பாருங்கள் ஐயா, விஷயத்தை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்றார் தம்பி. ஆகவே விஷயத்தை ஊரே பார்க்கட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் 3ஆம் பக்கம். "சேலம் என்பது எபிரேயச் சொல். அமைதி என்று பொருள். ஆங்கிலேயர் பைபிளிலிருந்து எடுத்து நம் ஊருக்கு வைத்தார்கள்" என்று முதல் பத்தி சொல்கிறது. அடுத்த பத்தியோ, "அமெரிக்காவில் இருக்கும் சேலம், நம் நெசவாளர்களின் புகழ் கேட்டு வைக்கப்பட்ட பெயர்" என்கிறது. முதல் பத்தியில் நாம் வாங்கினோம், இரண்டாம் பத்தியில் நாம் கொடுத்தோம். இரண்டுக்கும் நடுவே ஒரு பூ ஓவியம் இருக்கிறது. அதுதான் சண்டையை விலக்கி வைத்திருக்கிறது போலும்.

நான் தபால் பிரிக்கும் வேலையில் தலை நரைத்தவன் என்பது உங்களுக்குத் தெரியும். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் என் மேலாளர் சொல்லிக்கொடுத்தது ஒன்றே ஒன்றுதான்: பெயரை நம்பாதே, கீழே இருக்கும் எண்ணைப் பார். பின்கோடு 1972 ஆகஸ்ட் 15 அன்று வந்தது. வந்ததற்குக் காரணமே, ஒரே பெயரில் பல ஊர்கள் இருந்ததும், ஒரே ஊரைப் பல மொழிகளில் பலவிதமாக எழுதியதும்தான். 636001 என்றால் நம் தலைமை அஞ்சலகம். நடுவிலுள்ள சுழி ஒன்று ஆறாகிவிட்டால் 636601, அது ஏற்காடு. ஒரு சுழிப் பிழைக்காக ஒரு கடிதம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்கிவிடும்.

ஒருமுறை அமெரிக்கத் தபால்தலை ஒட்டிய உறை ஒன்று எங்கள் மூட்டையில் வந்து விழுந்தது. ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் எஸ், ஏ, எல், இ, எம். ஐயமே இல்லை, நம் ஊர்தான். தெருப் பெயர்தான் இடித்தது. அப்படியொரு தெரு சூரமங்கலம் முதல் கிச்சிப்பாளையம் வரை எங்கும் கிடையாது. கடைசி வரி நனைந்து மங்கியிருந்தது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தபோது 01970 என்று ஐந்து எண்கள் தெரிந்தன. மாசசூசெட்ஸ் மாநிலத்துச் சேலத்தின் எண் அது. ஊருக்குள்ளேயே வீதி மாறிப் போகவேண்டிய கடிதம் கடல் தாண்டி வந்திருக்கிறது. வளைகுடாவிலிருந்து வந்த இன்னோர் உறை இதைவிட வேடிக்கை. மேல்வரியிலும் அதே ஐந்து ஆங்கில எழுத்துகள், கீழ்வரியிலும் அதே ஐந்து. மேலே இருந்தது ஆள்பெயர், கீழே ஊர்ப்பெயர். அரபியில் சாலிம் என்ற பெயரை அவர்களில் பலர் அப்படித்தான் ஆங்கிலத்தில் எழுதுகிறார்கள். நலமாக, குறையின்றி இருப்பவன் என்று பொருள்.

ஆக, அந்த ஐந்து எழுத்துக் கூட்டலுக்குள் குறைந்தது மூன்று பேர் குடியிருக்கிறார்கள். யார் யாருக்கு உறவு என்பதுதான் கேள்வி. எழுத்தை வைத்து உறவு சொல்ல முடியாது. ஒரே சட்டை போட்டவர்கள் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்களா?

பைபிளில் வரும் ஊரை நம் தமிழ் மொழிபெயர்ப்பாளர்கள் சேலம் என்று எழுதவில்லை என்பதைக் கவனித்தீர்களா? ஆதியாகமம் 14ஆம் அதிகாரத்தில் மெல்கிசேதேக்கு "சாலேமின் ராஜா". எபிரெயருக்கு எழுதின நிருபத்தின் 7ஆம் அதிகாரம் அதற்குச் சமாதானத்தின் ராஜா என்று பொருளும் சொல்கிறது. எருசலேம் என்ற பெயரின் வாலும் இதே சாலேம்தான் என்பார்கள். எபிரேயத்தில் ஷ, ல, ம என்ற மூன்று மெய்களும் அரபியில் ஸ, ல, ம என்ற மூன்று மெய்களும் ஒரே வேர். அந்த வேரில் கிளைத்தவைதான் ஷாலோம், சலாம், இஸ்லாம், மேலே சொன்ன சாலிம் எல்லாம். நம் தெருவில் பாய் கடைக்காரருக்கு நீங்கள் காலையில் வைக்கும் சலாமுக்கும் மெல்கிசேதேக்கின் சாலேமுக்கும் உறவு உண்டு. பார்வைக்கு வேறுபோல் தெரியும் இந்த இரண்டும் ஒரு தாய் மக்கள். அச்சு அசலாக ஒன்றுபோல் தெரியும் நம் சேலத்துக்கும் அந்தச் சேலத்துக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. தமிழ் எழுத்தில் சாலேம் வேறு, சேலம் வேறு என்று தெளிவாகத்தான் இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதி, அங்கிருந்து திரும்பத் தமிழுக்குக் கொண்டுவந்ததில்தான் உங்கள் கட்டுரையாளர் வழுக்கிவிட்டார்.

இனி ஆண்டுக்கணக்கு. மாசசூசெட்ஸில் ரோஜர் கோனன்ட் என்பவரும் அவர் கூட்டத்தாரும் குடியேறியது 1626இல். அங்கிருந்த பூர்வகுடிகள் அந்த இடத்தை நாம்கீக் என்றே அழைத்தார்கள். 1629இல் அதற்குச் சேலம் என்று பெயர் மாற்றினார்கள். அவர்கள் பைபிளை மடியில் வைத்துக்கொண்டு கப்பலேறிய பியூரிட்டன்கள். பெயர் எங்கிருந்து வந்திருக்கும் என்று ஆராயத் தேவையில்லை. ஆங்கிலேயக் கம்பெனி சென்னையில் கால் வைத்தது எப்போது? 1639இல். பெயர் வைத்துப் பத்தாண்டு கழித்து. நம் ஊர் அவர்கள் கைக்குப் போனதோ 1792இல், திப்பு சுல்தான் ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையில் பாராமகால் என்ற தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டாரத்தையும் சேலத்தையும் விட்டுக்கொடுத்த பிறகு. நம் நெசவாளர் புகழ் 1629இல் பாஸ்டன் கரைக்கு எந்தக் கப்பலில் போயிருக்கும், ஐயா?

உங்கள் கட்டுரையாளர் விடமாட்டார் என்று தெரியும். அந்த ஊர் முத்திரையில் கீழ்த்திசை மனிதர் ஒருவர் நிற்கிறார், லத்தீன் வாசகத்தில் இந்தியா என்ற சொல் இருக்கிறது என்று கிளம்புவார். உண்மைதான், இருக்கிறது. செல்வம் கொழிக்கும் இந்தியாவின் கடைசி மூலைவரை என்பது அதன் சாரம். ஆனால் அந்த மனிதர் சுமத்திராத் தீவின் ஆச்சே பகுதியைச் சேர்ந்தவராக வரையப்பட்டவர். அவர்கள் சொன்ன இந்தியா கீழைத் தீவுகளையெல்லாம் சேர்த்தது. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் அந்த ஊர் மாலுமிகள் சுமத்திராவுக்குப் போய் மிளகு வாங்கிவந்து பெரும் பணக்காரர்கள் ஆனார்கள்; அந்த நன்றிக்குத்தான் முத்திரை. பெயருக்கு ஒன்றரை நூற்றாண்டுக்குப் பிந்திய கதை இது.

"அமைதி நகரம்" என்று தலைப்பும் கொடுத்திருக்கிறீர்கள். 1692இல் அதே பெயரால் உலகம் அறிந்தது மாசசூசெட்ஸ் சேலத்தின் சூனியக்காரர் விசாரணை. பத்தொன்பது பேரைத் தூக்கிலிட்டார்கள். குற்றச்சாட்டுக்கு மறுமொழி சொல்ல மறுத்த ஒரு முதியவரைக் கல்லை ஏற்றி நசுக்கிக் கொன்றார்கள். அதைக் கிளறிவிட்ட சேலம் கிராமம் 1752இல் டான்வர்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டது. உங்கள் பக்கத்தில் 1692 என்ற ஆண்டு நம் ஊர்க் கம்பெனி ஆட்சிக்கு நேராக அச்சாகியிருக்கிறது. 1792 என்று திருத்தியிருக்கிறேன். எண்களிலும் ஒருவர் சட்டையை ஒருவர் போட்டுக்கொள்வது உண்டு.

ஆரிகன் மாநிலத் தலைநகரும் சேலம்தான். அங்கே பெயரைக் கொண்டுபோனவர்கள் மெதடிஸ்ட் பாதிரிமார்கள். அதற்குமுன் அந்த இடம் செமெகெட்டா. ஜெர்மனியில் ஒரு பழைய மடத்துக்கும் அதன் பெயரால் 1920இல் தொடங்கிய பள்ளிக்கும் இதே பெயர். எல்லாம் சாலேம் குடும்பம். நாம் அந்தப் பந்தியில் உட்கார வேண்டியதில்லை.

நம் பெயர் எங்கிருந்து வந்தது என்று கேட்பீர்கள். மலையைக் குறிக்கும் சைலம் என்ற வடசொல்லிலிருந்து வந்தது என்று ஒரு கட்சி. சேரர் ஆண்டதால் சேரலம், அது தேய்ந்து சேலம் என்று ஒரு கட்சி. சேலை நெய்ததால் சேலம் என்பது மூன்றாவது. இதை நம் தெருவில் சொன்னால் கைதட்டல் நிச்சயம். எதுவும் முடிவானதாக அறிஞர்கள் ஏற்கவில்லை. எனக்குச் சைலத்தின் பக்கம் கொஞ்சம் சாய்வு உண்டு. வடக்கே நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, வடகிழக்கே சேர்வராயன் என்று மலைகள் சுற்றி உட்கார்ந்திருக்கும்போது வேறு பக்கம் பார்க்க மனம் வரவில்லை. ஆனால் சாய்வு என்பது சான்று ஆகாது. மூன்றையும் போடுங்கள், இவை சொல்லப்படுபவை என்று போடுங்கள்.

ஒன்று மட்டும் என் ஊகமாகச் சொல்கிறேன். சிதம்பரம், ஸ்ரீரங்கம் போன்ற பெயர்களுக்கு ஆங்கிலத்தில் ஏ, எம் என்று முடிக்கிறார்கள். நமக்கு மட்டும் ஏன் இ, எம்? கணக்கு எழுதிய வெள்ளைக்கார எழுத்தர் ஞாயிறுதோறும் பைபிளில் பார்த்துப் பழகிய எழுத்துக் கூட்டல் கைக்கு வந்திருக்கும். பைபிளிலிருந்து நமக்கு வந்தது ஏதாவது உண்டென்றால் அந்த ஓர் எழுத்துத்தான், பெயர் அல்ல.

உண்மையாகவே பயணம் செய்த சொல் எப்படி இருக்கும் என்று பார்க்க ஏற்காட்டுக்குப் போனால் போதும். காபி. அரபியில் கஹ்வா, துருக்கியில் கஹ்வே, டச்சில் கோஃபி, ஆங்கிலத்தில் காஃபி, நம்மிடம் காபி. 1820களில் கலெக்டர் காக்பர்ன் செடியைச் சேர்வராயன் மலைக்குக் கொண்டுவந்தார். செடி வந்த வழி தெரிகிறது, சொல் வந்த வழி தெரிகிறது, ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஒலி கொஞ்சம் மாறியிருக்கிறது. போகிற வழியெல்லாம் முத்திரை குத்திய உறை மாதிரி. எதிர்த்திசையில் போனது மாங்காய்: கேரளக் கரையில் மாங்ங, போர்த்துகீசியர் வாயில் மாங்கா, ஆங்கிலத்தில் மேங்கோ. உங்கள் 3ஆம் பக்கத்துச் சொல்லுக்கு அப்படி ஒரு முத்திரையாவது காட்டுங்கள், நான் வாயை மூடிக்கொள்கிறேன்.

இந்த ஐந்து எழுத்து விளையாட்டை நம் பேட்டையிலேயே ஆடிப் பார்க்கலாமே. செவ்வாய்ப்பேட்டையை ஆங்கிலத்தில் ஷெவாப்பெட் என்று எழுதுகிறார்கள். சேர்வராயனை ஷெவராய் என்று எழுதுகிறார்கள். இரண்டுக்கும் ஆங்கிலத்தில் முதல் ஐந்து எழுத்தும் ஒன்று. ஆகவே மலையும் பேட்டையும் ஒரே பெயர் என்று எழுதிவிடலாமா? ஒன்று செவ்வாய்க்கிழமைச் சந்தை, மற்றொன்று உச்சியில் குகைக்குள் இருக்கும் சாமி. மும்பைப் பக்கத்தில் நவா ஷேவா என்று ஒரு துறைமுகம் இருக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். எபிரேயத்தில் ஷேவா என்றால் ஏழு. பைபிளில் பெயெர்செபா என்று வரும் ஊரின் பின்பாதி அது. 3ஆம் பக்கத்து இலக்கணப்படி நாம் குடியிருப்பது ஏழாம் பேட்டை. தலைவர் ஐயா சம்மதித்தால் பெயர்ப்பலகையை மாற்றிவிடலாம்.

ஆங்கில எழுத்தை மட்டும் குறை சொல்வது நேர்மையாகாது. பீமன் தோளில் சுமப்பதும் கதை, பாட்டி சொல்வதும் கதை. நாட்டியக்காரி முகத்தில் காட்டுவதும் பாவம், எமன் கணக்கில் ஏறுவதும் பாவம். வடமொழியில் வேறு வேறு ஒலியாக இருந்தவை நம் எழுத்துக்குள் வரும்போது ஒரே சட்டை போட்டுக்கொண்டன. நாம் குழம்புவதில்லை, இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். இடம் பார்ப்பதைத்தான் 11ஆம் பக்கத்தில் மறந்துவிட்டீர்கள்.

3ஆம் பக்கம் சிரிப்போடு போகட்டும். 11ஆம் பக்கத்தைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

"ஏற்காட்டில் வாழும் மலையாளிகள் காபித் தோட்ட வேலைக்காகக் கேரளத்திலிருந்து வந்து குடியேறியவர்கள். ஆண்டுதோறும் ஓணத்தைச் சிறப்பாகக் கொண்டாடுகிறார்கள்." இவ்வளவையும் எழுதி, பக்கத்தில் பூக்கோலப் படம் ஒன்றையும் போட்டிருக்கிறீர்கள்.

சேர்வராயன் மலையின் மலையாளிகள் அந்த மலையின் பழங்குடி மக்கள். அவர்கள் பேச்சு தமிழ். தங்கள் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த அண்ணன் தம்பிகள் என்பது அவர்களிடையே வழங்கும் கதை. கொல்லிமலையிலும் பச்சைமலையிலும் கல்வராயன் மலையிலும் ஜவ்வாது மலையிலும் அவர்கள் இருக்கிறார்கள். காக்பர்ன் துரை காபிச் செடியோடு ஏறியபோது அவர்கள் மலைமேல் சாமை விதைத்துக்கொண்டிருந்தார்கள். மே மாதத்தில் அவர்கள் கூடுவது சேர்வராயன் கோவில் திருவிழாவுக்கு. 5,300 அடிக்கு மேலே, தலை குனிந்து நுழையவேண்டிய அந்தக் குகைக் கோவிலுக்கு நீங்களும்தான் மொட்டை போடப் போயிருக்கிறீர்கள்.

இங்கே தமிழ் எழுத்து நமக்குக் கைகொடுக்காது. சாலேமும் சேலமும் தமிழில் பிரிந்து நிற்கின்றன. மலையாளியும் மலையாளியும் தமிழிலும் ஒன்றாகவே நிற்கிறார்கள். இன்னும் சிக்கல், வேரும் ஒன்றுதான். இருவர் பெயரிலும் மலை இருக்கிறது. கேரளத்துக்காரரின் பெயர் மலையை ஒட்டிய நாட்டின் பெயராகி, மொழியின் பெயராகி, அந்த மொழி பேசுகிறவரின் பெயரானது. நம் மலைக்காரரின் பெயர் மலையை ஆள்பவர் என்ற அளவில் நின்றுவிட்டது. எழுத்து ஒன்று, வேர் ஒன்று, மனிதர்கள் வேறு. பழங்குடியினர் பட்டியலில் தமிழ்நாட்டுப் பகுதியைப் பாருங்கள். மலையாளி என்று எழுதிவிட்டு, பக்கத்திலேயே எந்தெந்த மாவட்டம் என்று பெயர் சொல்லியிருக்கிறார்கள்: தருமபுரி, வட ஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆற்காடு, திருச்சிராப்பள்ளி. பெயரை மட்டும் நம்பினால் கடிதம் தவறான வீட்டுக்குப் போய்விடும் என்று தெரிந்து பின்கோடு போட்டது மாதிரி இருக்கிறது எனக்கு.

பின்கோடு போட்டும் கடிதம் தவறிப் போகத்தான் செய்கிறது. எனக்கு இருபது ஆண்டுப் பழக்கமான ஒருவர் மலைமேல் ஒரு சிற்றூரில் இருக்கிறார். வீட்டில் காபிக்கொட்டையும் மிளகும் அவரிடம்தான் வாங்குகிறோம். என் மனைவியை அக்கா என்பார். அவர் மகள் சமவெளியில் ஒரு கல்லூரியில் சேரப் போனாள். சாதிச் சான்றிதழைப் புரட்டிப் பார்த்த எழுத்தர், "மலையாளி என்றால் கேரளத்தில் அல்லவா வாங்கி வரவேண்டும்?" என்று திருப்பி அனுப்பிவிட்டார். தந்தைக்கு இரண்டு நாள் கூலி போனது, மூன்று பஸ் மாறினார்கள், கடைசியில் விஷயம் தெரிந்த ஒருவர் இருந்ததால் இடம் கிடைத்தது. விடுதியிலும் விடவில்லை. மலையாளம் பேசிக் காட்டச் சொன்னார்களாம். "எனக்குத் தெரிந்த ஒரே மலையாளச் சொல் சேச்சி, அதுவும் சினிமாவில் கேட்டது" என்று சொல்லி அந்தப் பெண் சமாளித்திருக்கிறாள். என்னிடம் சொல்லும்போது சிரித்தாள். அவள் தந்தை சிரிக்கவில்லை.

அந்த எழுத்தரை நான் அதிகம் குற்றம் சொல்லமாட்டேன். அவர் எங்கோ இதுபோன்ற ஒரு மலரில் 11ஆம் பக்கத்தைப் படித்திருப்பார்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். 3ஆம் பக்கத்தில் எபிரேயத்தையும் அமெரிக்காவையும் எடுத்துவிட்டு மூன்று பெயர்க் காரணங்களையும் போடுங்கள். எட்டு வரி எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். பிடிக்காவிட்டால் நீங்களே எழுதுங்கள். 11ஆம் பக்கத்தில் பூக்கோலத்தை எடுத்துவிட்டுச் சேர்வராயன் கோவில் படத்தைப் போடுங்கள். எழுத்தை மாற்றும் முன் அந்த மலைக்காரர் ஒருவரிடம் கேட்டு எழுதுங்கள்; நான் அழைத்து வருகிறேன். அச்சகத்தில் விசாரித்துவிட்டேன். இரண்டு பக்கங்களும் முதல் பதினாறு பக்க ஃபாரத்திலேயே வருகின்றன, அது இன்னும் ஓடவில்லை. ஒரே ஒரு ஃபாரத்தை நிறுத்தினால் போதும். புதிதாகக் கோக்கும் செலவை நான் ஏற்றுக்கொள்கிறேன், நன்கொடைப் பட்டியலில் அதைப் போடவேண்டாம்.

வியாழக்கிழமை அவர் காபிக்கொட்டையோடு இறங்கி வருகிறார். நம் விழாவுக்கு அவர் வீட்டார் 501 ரூபாய் கொடுத்திருக்கிறார்கள். 27ஆம் பக்கத்தில் அவர் பெயர் பிழையில்லாமல் அச்சாகியிருக்கிறது. மலரைக் கையில் கொடுத்தால் தன் பெயரைத் தேடித்தான் முதல் பக்கத்திலிருந்து புரட்டுவார். 27க்குப் போகும் வழியில் 11 இருக்கிறது.

இப்படிக்கு,
தெருக்கோடி வீட்டுப் பழைய தபால்காரன்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம் 636002